அறுந்த காது

தாடிக்காரர் படம் வரையும் ஸ்டாண்டுக்கு ஒரு கால் குட்டை. தூரிகை பட்டாலே ஆடும். முதல் நாளே அக்கா அதைக் கவனித்துவிட்டாள். அவர் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், தன் ஸ்டூல்மேல் மெத்தையாகப் போட்டிருந்த துணியை எடுத்து மடித்து அந்தக் காலுக்கு அடியில் செருகினாள். பிறகு நாற்பது நாளும் வெறும் பலகையில்தான் உட்கார்ந்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

துணிக்கு இஸ்திரி போடுவது அவள் தொழில். தெருவுக்கே அக்கா. காலை வேலை முடிந்ததும் மாடியறைக்கு ஏறி வந்து இரண்டு ஓவியர்களுக்கு முன்னால் அசையாமல் உட்காருவாள். "நின்னே தேஞ்ச காலுக்கு உக்கார்ற வேலையும் குடுத்தானே ஆண்டவன்!" என்று சிரிப்பாள்.

அவளுக்கு வலப்பக்கம் தாடிக்காரர் நின்று வரைவார். இடப்பக்கம், நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் இன்னொரு ஓவியர். ஊர் அருங்காட்சியகத்தில், ஆயிரம் வருஷத்துச் சிலைகளுக்கு நடுவே, இந்தக் காலத்து மனுஷி ஒருத்தியின் படத்தை மாட்டப்போகிறார்கள். ஒரே ஒரு படம். அதற்குத்தான் இந்தப் பாடு. இருபது வருஷமாக நெட்டைக்கு அடுத்த இடத்திலேயே நின்று நின்று தாடிக்காரருக்கு வயிறு எரிந்து கிடந்தது.

நெட்டை டீ குடிக்க இறங்கினால் போதும், இவர் பூனைபோல் நடந்து போய் அந்தப் படத்தை மூடிய துணியைத் தூக்கிப் பார்ப்பார்.

"என்ன தம்பி, அங்கே நான் அழகா இருக்கேனா?"

"சும்மா இருங்கக்கா. என்னத்தைக் கிறுக்கியிருக்கான்னு பார்த்தேன்."

கிறுக்கலா அது? அக்காவின் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது கம்மலைப் பிடித்து இழுத்து அறுத்த இடது காது, இப்போதுதான் ரத்தம் நின்றதுபோல் இருந்தது. அன்று தாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவர் படத்திலும் முகம் கொஞ்சம் திரும்பிக்கொண்டது. காதும் அறுந்திருந்தது.

நெட்டையின் படத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள். "எனக்கு அப்பவே தெரியும்டா, உனக்குத்தான்னு" என்று பல்லைக் கடித்துக்கொண்டே கைகுலுக்கினார் தாடிக்காரர். மனசைக் கொடுத்த கடவுள் சிலருக்கு அதோடு புகைச்சலையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

அடுத்த வாரம் அக்கா தன் மகளோடு இருந்துவிட வெளியூர் கிளம்பினாள். சொல்லிக்கொள்ள அவள் மாடி ஏறி வந்தபோது, தாடிக்காரர் தன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப ஸ்டாண்டை நகர்த்திக்கொண்டிருந்தார். அடியிலிருந்து துணி நழுவி விழுந்தது.

"இது ஏதுக்கா?"

"என்னோடதுதான். உங்க ஸ்டாண்டு ஆடிச்சு."

அவருக்கு முகம் சுருங்கியது. அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "அவனுக்கும் ஏதாவது வச்சீங்களா?"

"அவரோடது ஆடலையே தம்பி!"

அவர் குனிந்து துணியை எடுத்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். "என் படத்துல என்னக்கா குறை?"

அவள் படத்தையே சற்று நேரம் பார்த்தாள். தன் இடது காதைத் தொட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க நின்ன பக்கத்துலேருந்து இந்தக் காது தெரியவே தெரியாதே தம்பி. நாற்பது நாளு உங்க முன்னாடிதானே உக்காந்திருந்தேன்? இனிமே வந்து உக்கார்றவங்களையாவது பாத்து வரைங்க."