பனியன் என்ற சொல்லுக்கு நான் சொன்ன பொருள்

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவையும் போய், சம்பாவும் கருகிய ஒரு வருடம், குடவாசல் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து திருப்பூருக்குப் பஸ் ஏறினேன். ஐந்தாம் வகுப்பு படித்தவனுக்கு அங்கே ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலை கிடைத்தது. தைத்து வரும் பனியனில் தொங்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும், அவ்வளவுதான். எட்டு வருடம் அதைச் செய்தேன்.

முதல் மார்கழியில் குளிர் தாங்கவில்லை. தையல் கோணிப்போனதென்று ஒதுக்கிய பனியன் ஒன்றைச் சூப்பர்வைசர் கொடுத்தார். சட்டைக்குள் போட்டதும் கதகதப்பாக இருந்தது. பனிக்குப் போடுவதால்தான் பனியன் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. நான் கூச்ச சுபாவம் உள்ளவன். நாலு பேர் இருந்தால் வாய் திறக்க மாட்டேன். இது ஒன்றை மட்டும் ஊருக்கு வரும்போதெல்லாம் என் மகளிடம் சொல்வேன். அவளும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பாள்.

போன ஆவணியில் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். தமிழில் எம்.ஏ. முடித்து, இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையின் அப்பா நாகப்பட்டினம் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பாடு முடிந்ததும் புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பனியன் கம்பெனிக்காரர் முன்னாடி பனியனோட உக்காரலாம்ல?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் தைரியம் வந்துவிட்டது. "பனிக்குப் போடுறதுங்க அது. அதான் பனியன்னு பேரு," என்றேன்.

"அப்ப இந்த வெயில்ல போட்டா வெயிலனா?"

மறுபடி சிரிப்பு. அவர் நல்ல மனிதர். என் முகம் போன போக்கைப் பார்த்து மெதுவாக விளக்கினார். குஜராத்தில் வியாபாரிகளை வாணியா என்பார்களாம். நம்முடைய வணிகனும் அதுவும் சொந்தமாம். அவர்கள் போட்டிருந்த தொளதொள உடுப்பை வெள்ளைக்காரர்களும் தைத்துப் போட்டுக்கொண்டு, அந்த வியாபாரிகளின் பெயரையே அதற்கு வைத்தார்களாம். அந்தப் பெயர்தான் வெள்ளைக்காரர்கள் வாயில் புகுந்து நம்மிடம் பனியனாக வந்ததாம். "பனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க," என்றார்.

எட்டு வருடம் கையில் பிடித்த துணி. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காபி கொண்டுவந்த என் மகள், "அப்பா சொல்றதும் ஒரு புத்தகத்துல இருக்குங்க ஐயா. நான் படிச்சிருக்கேன்," என்றாள்.

"எந்தப் புத்தகம்மா?"

"பேரு ஞாபகம் இல்லீங்க."

"சரிம்மா," என்று அவர் காபியை வாங்கிக்கொண்டார். அதற்கு மேல் கேட்கவில்லை.

யாராவது ளகரத்தைத் தப்பாகச் சொன்னால்கூடத் திருத்துகிற பெண் அவள். அவர்கள் போன பிறகு, "நெசமாவே புத்தகத்துல இருக்கா?" என்று கேட்டேன்.

இல்லை என்றாள். பிறகு, நான் விடாமல் கேட்டதால் சொன்னாள். ஆறாம் வகுப்பில் நான் சொன்னதை எழுந்து சொல்லியிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது. அந்த வருடம் முழுக்க அவளுக்குப் பனியம்மா என்று பெயராம்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"வருசத்துக்கு ரெண்டு தடவ வருவீங்க. வந்தா அத ஒண்ணுதான் பேசுவீங்க. அதையும் வேணாம்னா நீங்க என்னப்பா பேசுவீங்க?"

மறுநாள் அவர்களுக்குச் சம்மதம் என்று தகவல் வந்தது. என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. தமிழாசிரியர் வீட்டுக்குப் போகிற பெண், முதல் நாளே ஒரு பொய்யோடு போகிறாளே என்று உறுத்தியது. யாரையும் நானாகக் கூப்பிட்டுப் பேசாதவன், கொல்லைப்பக்கம் போய் அவருக்குப் போன் செய்தேன்.

"அது புத்தகத்துல இல்லீங்க. நானா சொன்னது. எனக்காகத்தான் பொண்ணு அப்படிச் சொல்லிடுச்சு. மனசுல வச்சுக்காதீங்க."

"தெரியுங்க," என்றார். "இத ஏங்க போன் பண்ணிச் சொல்லணும்?"

திரும்பினால் கதவருகே என் மகள் நிற்கிறாள்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கீங்க? அவரே தெரிஞ்சுக்கிட்டு, பெருந்தன்மையா விட்டுட்டாரு. இப்ப நீங்களே காட்டிக் குடுத்துட்டீங்க. இனி அந்த வீட்ல எம் முகத்த எங்க வச்சுக்குவேன்?"

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"எனக்காகவா பேசுனீங்க?"

அவளுக்காகத்தான் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். ஆனால் பேசி முடித்தபோது என் நெஞ்சு லேசானது உண்மை. என் வெட்கத்தை இறக்கி வைக்க எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை, அவள் தலையில் வைத்துவிட்டேன்.

தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறோம். அவள் என்னிடம் பழையபடிதான் பேசுகிறாள். நான்தான் அவளை நேராகப் பார்ப்பதில்லை.