நாத்தனார் கையில் சுக்கான்

படகுத்துறையில் அவளைப் பாய்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கிழிந்து வரும் பாய்மரத் துணிகளைத் தரை முழுக்க விரித்து, நடுவில் உட்கார்ந்து மெஷினில் ஒட்டுப்போடுவது அவள் வேலை. அவள் தைத்த பாய்கள் பார்க்காத சமுத்திரம் இல்லை. அவளோ யார் படகிலாவது தொற்றிக்கொண்டு கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்ததோடு சரி. ஒரு தடவையாவது படகாளாகச் சேர்ந்து இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கடலைத் தாண்டிவிட வேண்டும். வாழ்க்கையில் அவள் கேட்டது அவ்வளவுதான். துணி காயப்போடும் கொடியிலேயே முடிச்சுப் பழகினாள். புருஷன் சட்டையை எடுக்கப் போனால் கொடியும் கூடவே வந்தது.

அப்படி இருக்கும்போதுதான் தொலைதூரம் போகிற படகு ஒன்று பாய் தைக்க வந்து நின்றது. அதன் கேப்டன் முடியை ஒட்ட வெட்டிய, அதிகம் பேசாத பெண்மணி. படகில் அவரும் ஒரு சமையல்காரரும்தான். இன்னும் ஓர் ஆள் வேண்டுமாம். பாய்க்காரி கையிலிருந்த கத்தரியைப் போட்டுவிட்டு, "நான் வரேன்" என்றாள்.

சும்மா இருந்திருந்தால் தேவலை. வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குப் போய்ச் சொல்லித் தொலைத்தாள். நாத்தனார் காதில் விழுந்தது. நாத்தனார், புருஷனின் தங்கை, நாய்களுக்கு முடி வெட்டும் கடையில் வேலை பார்ப்பவள்.

"அண்ணி, நானும் வரட்டுமா? சும்மா வேடிக்கை பார்க்கத்தான்."

கேப்டன் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்ல மூணு நாள் வெள்ளோட்டம் போய்ட்டு வருவோம். ரெண்டு பேரும் வாங்க. ஆனா பெரிய பயணத்துக்கு இடம் ஒண்ணுதான், சொல்லிட்டேன்."

வேடிக்கை பார்க்க வந்தவளுக்கு எதற்கு இடம் என்று பாய்க்காரி நினைத்துக்கொண்டாள்.

கடலில் நாலு பேரும் முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவர் சுக்கான் பிடிப்பார்கள். மற்றவர்கள் கீழே போய்த் தூங்க வேண்டும். தன் முறை வந்ததும் பாய்க்காரி படகையே ரெண்டுபடுத்தினாள். கயிற்றை இறுக்குவாள், தளர்த்துவாள், மறுபடி இறுக்குவாள். தூங்குகிறவர்களின் தலைக்கு மேலே கறமுறவென்று கயிற்று உருளை சுற்றும். "கேப்டன், மேகம்!" என்பாள். அவர் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பதற்குள், "கேப்டன், அங்க ஒரு கப்பல்!" என்பாள். அது கடுகளவு தெரியும். தன் பொறுப்பைப் பார்த்துக் கேப்டனுக்கு உச்சி குளிர்ந்திருக்கும் என்பது அவள் கணக்கு.

நாத்தனார் முறை வந்தால் ஒரு சத்தமும் இல்லை. முரட்டு நாயின் கழுத்தைப் பிடித்திருப்பதுபோல ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். பாட்டு வேறு முனகுவாள். 'மகாராணியாட்டம் உக்காந்திருக்கா பாரேன்' என்று கீழே படுத்தபடி பாய்க்காரி கரித்துக்கொட்டுவாள். திட்டிக்கொண்டே தூங்கிப்போவாள்.

மூன்றாம் நாள் துறைக்குத் திரும்பியதும் கேப்டன் எல்லோரையும் உட்காரவைத்தார். முடிச்சுப் போடச் சொல்லப்போகிறார் என்று பாய்க்காரி கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"எங்க படகுல ஒரே ஒரு கேள்விதான். யார் சுக்கான் பிடிச்சா நீங்க நிம்மதியா தூங்குவீங்க?"

"நாத்தனாரம்மாதான்" என்றார் சமையல்காரர், யோசிக்கக்கூட இல்லை.

"எங்க அண்ணி" என்றாள் நாத்தனார். "எனக்குக் கயிறு பேர்கூடத் தெரியாதே."

பாய்க்காரி நாத்தனாரை முறைத்தாள். இந்த நல்லவள் வேஷம் வேறயா! செத்தாலும் அவளைச் சொல்லக்கூடாது. "சமையல்கார அண்ணன்" என்றாள்.

கேப்டன் சிரித்துவிட்டார். "அவர் முறையில நீங்க கண்ணையே மூடலியேம்மா. புரண்டு புரண்டு படுத்தீங்க. என் முறையிலயும் அப்படித்தான். உங்க நாத்தனார் உக்காந்தப்ப மட்டும் நீங்க விட்ட குறட்டை மேல வரைக்கும் கேட்டிருக்கும்."

பாய்க்காரி தேய்த்த கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்க முறையில நாங்க யாருமே தூங்கல. தூங்காம சமுத்திரத்தைத் தாண்ட முடியாதும்மா."

வீட்டுக்கு வரும் வழியில் நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, இது உங்க ஆசை. நீங்க ஒரு வார்த்தை வேணாம்னு சொல்லுங்க, நான் போகல."

அந்த ஒரு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் இடம் தனக்கே கிடைக்குமோ என்னவோ. ஆனால் அந்தக் குறட்டையை என்ன செய்வது? அது பொய் சொல்லவில்லையே.

"போடி, போய்த் தொலை" என்றாள். "கயிறு பேரையாவது கத்துக்கிட்டுப் போ. என் மானத்தை வாங்காதே."

படகு கிளம்பிய அன்று கட்டுக்கயிற்றை அவிழ்த்துவிட்டது அவள்தான். அவள் தைத்த பாய் விரிந்து காற்றைப் பிடித்தது. நாத்தனார் சிரித்தபடி கையை ஆட்டினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படகு துறையின் வாயைத் தாண்டியது. கேப்டன் சுக்கானை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு, பெரிதாக ஒரு கொட்டாவி விட்டபடி கீழே இறங்கிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாய்க்காரிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பொறாமைதான், வேறொன்றுமில்லை.