அண்ணிக்கு மாலை போட்ட பக்கம்

எங்கள் அண்ணி குத்துக்கல்லாட்டம் உயிரோடு இருக்கும்போதே அவர் படத்துக்கு மாலை போட்டவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. நான் வரைந்த காமிக்ஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு சுவர், சுவரில் ஒரு பெண்ணின் புகைப்படம். கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும், சுற்றி மல்லிகை மாலை, கீழே ஒரு விளக்கு. அந்தப் படத்தில் இருந்த மூக்குத்தி, இடது புருவத்துக்கு மேல் இருந்த தழும்பு, ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது போன்ற வாய், எல்லாம் அண்ணியுடையவை. அச்சகத்திலிருந்து வந்த பெட்டியைப் பிரித்தது நான் இல்லை, அம்மா. ஜோகூர் பாருவில், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம் போட்டார். "ஐயோ ஐயோ, தாலி கட்டிட்டு நல்லா இருக்கிற பொண்ணுக்குப் போயி மாலை போட்டு வெச்சிருக்காளே, இவளுக்கு மூளை இருக்கா!"

எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தார். சாஆ என்ற சிற்றூர்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவர். அண்ணன் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார். அம்மாவுக்குப் பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை. ஆகவே மத்தியானம் நான் பள்ளி விட்டு வந்து டிவியைப் போட்டால், பக்கத்தில் அண்ணிதான். மலாயில் பேசும் ஜப்பான் கார்ட்டூன்கள் வரிசையாக ஓடும். அனிமே என்ற சொல்லெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. அண்ணி முறத்தில் பயற்றங்காயை வைத்து நறுக்கிக்கொண்டே பார்ப்பார். பார்த்தால் பரவாயில்லை, பேசிக்கொண்டே பார்ப்பார். அதுதான் என் பிராணனை வாங்கியது.

கதாநாயகன் கையை ஓங்குவான். ஓங்கிய கை அப்படியே நிற்க, தன் வித்தையின் பெயர், அதை எந்த மலையில் கற்றான், எத்தனை வருடம் பட்டினி கிடந்தான் என்று விளக்குவான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அண்ணி கத்தியை முறத்தில் தட்டுவார். "அடிக்கிறவன் அடிக்க வேண்டியதுதானே, எதுக்கு இவ்ளோ விளக்கம்? எங்க தோட்டத்துல இப்படிப் பேசிட்டு நின்னா பின்னாடி வந்து ஒரே சாத்து சாத்திருவானுங்க." சண்டைக்கு நடுவில் திடீரென்று வானமும் மின்கம்பியும் மட்டும் தெரியும், பேச்சே இருக்காது. அந்த இடத்தில் நான் டிவிக்கு இன்னும் நெருங்கி உட்காருவேன். "சும்மா வானத்தைக் காட்டுறான் பாரு. ஆளு வரையக் கை வலிக்குது போல" என்பார் அண்ணி. எனக்கு வரும் கோபத்தில் தலையணையை எடுத்து எறிவேன். பல வருடம் கழித்து நானே வரையத் தொடங்கியபோது, கை வலிக்கும் நாட்களில் வானம் வரைந்து பக்கத்தை நிரப்பினேன். அண்ணி சொன்னது சரிதான் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் அண்ணி உண்மையிலேயே பொறுக்காத விஷயம் ஒன்றே ஒன்று, அம்மாக்கள். அந்தக் கதைகளில் அன்பான ஒரு அம்மா வந்து, கூந்தலைத் தளரப் பின்னித் தோளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு சிரித்தால், அண்ணி நறுக்குவதை நிறுத்திவிடுவார். "போச்சு, இவளும் போயிருவா. சடையை முன்னாடி போட்டுட்டாளே, அம்புட்டுத்தான்." அடுத்த வாரம் அவள் போய்விடுவாள். பிள்ளை மழையில் நின்று அழுவான், பிறகு கிளம்பி உலகத்தைக் காப்பாற்றுவான். "அம்மா சோறு போட்டுட்டு வீட்ல இருந்தா இவன் உலகத்தைக் காப்பாத்த மாட்டானாமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார், ஏதோ நான்தான் எழுதினேன் என்பது போல. வாயை மூடிக்கொண்டு பாருங்கள் என்பேன்.

பள்ளி முடிந்து பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்த பிறகும் நான் வரைவதை விடவில்லை. விடாமல் வரைந்தேன் என்றால் ஏதோ சாதித்தேன் என்று நினைக்க வேண்டாம். ஒரு கையை ஒழுங்காக வரைய எனக்கு ஆறு வருடம் ஆனது. போனில் படம் போட்டால் தோழிகள் இதயக் குறி போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் விரல் வைத்துப் படித்துவிட்டு "அப்புறம்?" என்று கேட்ட ஒரே ஆள் அண்ணிதான். அப்படிக் கேட்க அவர் ஒருவர் இல்லையென்றால் எப்போதோ பென்சிலைத் தூக்கிப் போட்டிருப்பேன். செம்பனைத் தோட்டத்துப் பெண்ணொருத்தி மரங்களுக்குள் குடியிருக்கும் பூதத்தை எதிர்த்துக் கிளம்பும் கதையை நான் தொடங்கியபோது, அவள் அம்மாவை அண்ணியைப் பார்த்தே வரைந்தேன். கைலியைத் தூக்கிச் செருகும் விதம்கூட அப்படியே. அண்ணி அந்தப் பக்கங்களைப் பார்த்து, "இது யாரு, நம்ம வீட்டு ஆளு மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டு மறுபடி மறுபடி புரட்டினார். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம், எனக்குத் தெரிந்தது. கடைசி நான்கு பக்கங்களை மட்டும் காட்டவில்லை. அச்சில் பார்த்து அசந்து போகட்டும் என்று வைத்திருந்தேன். மக்கு.

ஜோகூர் பாருவில் ஒரு பேரங்காடியில் காமிக்ஸ் சந்தை. அதில் ஒரு மேசை எனக்குக் கிடைத்திருந்தது. அதற்காக மலாய் வசனம் போட்டு அடித்த முதல் பாகத்தின் நாற்பது பிரதிகள்தான் அந்தப் பெட்டி. சத்தம் போட்ட கையோடு அம்மா மிளகாயும் உப்பும் எடுத்து வந்து அண்ணியை உட்காரவைத்து மூன்று முறை சுற்றிப் போட்டார். அண்ணன் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக, "கதைதான்னாலும் ஒரு வரைமுறை இல்லையா?" என்று கத்தினார். அண்ணி ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார்.

மறுநாள் காலை சமையற்கட்டில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. "மாலை போட்டது பரவால்ல பாப்பா. நான் போனா போடத்தானே போறீங்க. இத்தனை வருஷமா ஒன்கூட உக்காந்து இதைத்தானே கேட்டுட்டு இருந்தேன், எதுக்கு அம்மாவுங்களைச் சாகடிக்கிறானுங்கன்னு. நீயுமா?" பிறகு, "இருபது பக்கம் வரா. சமைக்கிறா, தல சீவி விடுறா, செத்துப் போறா. அவளுக்குன்னு என்ன ஆசைன்னு எங்கயாச்சும் ஒரு வரி இருக்கா?" என்றார். நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் என்னையே நாலு அறை அறையத் தோன்றுகிறது. "அது கதைக்குத் தேவை அண்ணி" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்பை அணைத்தார். அன்றிலிருந்து என் படத்தைப் பார்க்கவில்லை. மேசையில் திறந்து வைத்தால், அதைத் தாண்டி வந்து "சாப்பிடுறியா?" என்று மட்டும் கேட்பார். மாலையில் டிவியைப் போட்டால் துணி மடிக்கப் போய்விடுவார். தொந்தரவு இல்லாமல் அனிமே பார்க்க வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன்! கிடைத்தது. பத்து நிமிடம்கூடப் பார்க்க முடியவில்லை.

மாலை போட்ட பக்கத்தோடு புத்தகத்தை விற்றால் வீட்டுக்குள் வராதே என்று அம்மா சொல்லிவிட்டார். சந்தைக்கு முந்தைய நாள் உட்கார்ந்து இருந்த எல்லாப் புத்தகத்திலும் கடைசித் தாளைப் பிளேடால் அறுத்து எடுத்தேன். கதை இப்போது அம்மா காய்ச்சலில் படுத்திருக்கும் இடத்தோடு நின்றது. விளைவு என்ன? காலையில் வாங்கிப் போனவர்கள் மத்தியானம் திரும்பி வந்தார்கள். பள்ளிச் சீருடையின் மேல் ஜப்பான் மேலங்கி போட்டிருந்த ஒரு மலாய்ப் பெண், பூதத்தைப் பற்றிக் கேட்பாள் என்று பார்த்தால், "அக்கா, அந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று மலாயில் கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு சீனப் பையனும் அதையே கேட்டான். அவ்வளவு பாடுபட்டு வரைந்த பூதம் சீந்துவாரில்லாமல் கிடந்தது. தெரியாது என்றேன். அது பொய் இல்லை. கதையில் அந்த அம்மா பிழைத்து எழுந்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பத்தொன்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, அண்ணிக்கு எந்தக் கறி பிடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது, எங்களுக்குப் பிடித்ததைத்தான் அவர் சமைத்தார்.

வீடு திரும்பியதும் பையைக்கூட இறக்காமல் நேராகப் போய்க் கேட்டேன். "அண்ணி, அவளுக்கு என்ன ஆசை? ஒங்களுக்கு என்ன ஆசை இருந்துச்சு?" அண்ணி வாளியில் துணியைப் போட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்னும் இரண்டு துணியை முக்கினார். "அலமாக்," என்று எங்கள் ஊர் ஐயோ ஒன்றைப் போட்டார். "மறந்து போச்சு பாப்பா. யாரும் கேக்கல, நானும் சொல்லிக்கல." பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, என் பையிலிருந்த புத்தகத்தை உருவி, அறுத்த இடத்தை விரலால் தடவினார். "யோசிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் அவளைச் சாகடிச்சிராத."

நான்கு வருடம் ஆகிறது. அண்ணனும் அண்ணியும் பெக்கான் நானாஸில் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். என் கதை பதினோராம் பாகத்தில் நிற்கிறது. பூதம் காத்திருக்கிறது, கதாநாயகி வாசலில் செருப்போடு நிற்கிறாள், உள்ளே அம்மா காய்ச்சல் தீர்ந்து, எழுந்து உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறாள். கூட வரையும் நண்பர்கள், அந்த அம்மாவை முடித்துவிடு, அப்போதுதான் கதை நகரும் என்று என்னைப் படுத்துகிறார்கள். மாதா மாதம் புதுப் பக்கங்களை அண்ணியின் போனுக்கு அனுப்புகிறேன். படித்துவிட்டு "அப்புறம்?" என்று மட்டும் போடுகிறார். போன வாரம் பொறுமை போய்க் கூப்பிட்டே கேட்டுவிட்டேன், என்னதான் அண்ணி ஆசை, சொல்லித் தொலையுங்களேன் என்று.

"இரு லா, என்ன அவசரம்?" என்றார். "அவதான் உயிரோட இருக்காளே."