இரவல் நாற்காலியில் தலைவி

1. எங்கள் அளவுகோல்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் சங்கம் நடத்திய குழந்தைகள் இல்லத்துக்குப் புது ஹால் கட்டி முடிந்திருந்தது. திறந்து வைக்கக் கலெக்டர் வருகிறார். ஹாலில் போடக் குழந்தைகள் போதவில்லை.

"ஏன்டிம்மா, மதராஸ்ல சோஷல் ஒர்க் படிச்சுட்டு வந்திருக்கே. காலி ஹாலைக் கலெக்டருக்குக் காட்டினா நன்னாவா இருக்கும்?" என்றார் சங்கத் தலைவி. எங்களுக்கெல்லாம் அவர் மாமி.

குழந்தை கௌரிக்கு ஏழு வயது. உறையூரில் வீடு. அப்பா சிலோனுக்குப் போனவர், தகவலே இல்லை. அம்மா செல்லம்மா சுருட்டுச் சுற்றுகிறவள். அவள் எங்களிடம் கேட்டது பால் பவுடரும் பள்ளிப் புத்தகமும்தான். நாங்கள் தாராள மனசுக்காரர்கள். குழந்தையையே எடுத்துக்கொள்கிறோம் என்றோம்.

அந்தக் காலத்து ஹோம் விசிட்டை இப்போது சேருகிறவர்கள் நம்பமாட்டார்கள். வீட்டில் சாமான் இல்லையென்றால், குழந்தை வளரத் தகுதியில்லாத வீடு, இல்லத்துக்கு அனுப்பு. சாமான் இருந்தால் வசதியான குடும்பம், உதவி கிடையாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏழை பிழைக்க வழியே வைக்கவில்லை.

முதலில் நான் மட்டும் டவுன் பஸ்ஸில் போய் வந்தேன். வீட்டில் ஒரு பாய், ஒரு பானை, அடுப்பு. சாணி போட்டு மெழுகிய தரை. தலைவி வெள்ளிக்கிழமை வந்து பார்த்து முடிவு செய்வார் என்று சொன்னேன்.

"புள்ளையக் கூட்டிட்டுப் போயிடுவீங்களாம்மா?" என்றாள் செல்லம்மா. இதற்குப் பதில் எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

2. வெள்ளிக்கிழமை

மாமியின் பிளஷர் கார் தெருவுக்குள் நுழையவில்லை. முனையில் இறங்கி நடந்தோம். வீட்டுக்குள் காலை வைத்ததும் எனக்கே தலை சுற்றியது. கைவைத்த நாற்காலி, பித்தளைக் கூஜா, சுவர்க் கடிகாரம், ஹார்லிக்ஸ் பாட்டில். மூலையில் ஒரு இரும்புக் கட்டில். அதைப் போட்ட பிறகு செல்லம்மா நிற்க இடமில்லை. பெரிய மனுஷி வருகிறாள் என்றால் தெருவே சாமான் கொடுத்து உதவுவது அங்கே வழக்கம்.

மாமி நாற்காலியில் அமர்ந்து கூஜாத் தண்ணீர் குடித்தார். "இவாளுக்கு என்னடி குறைச்சல்? எங்காத்துல கூட ஹார்லிக்ஸ் கிடையாது. பால் பவுடரை வேற யாருக்காவது கொடு."

செல்லம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மாமி எழுந்திருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் நாற்காலி சௌகரியமாக இருந்தது. குழந்தை வளர்ப்பு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பேச்சு நீள, சாமான் கொடுத்தவர்கள் வாசலில் சேர்ந்தார்கள். முதலில் கூஜா போயிற்று. பிறகு கடிகாரம். கடைசியில் எதிர்வீட்டு ராஜாமணி இடுப்பில் கை வைத்து வந்து நின்றாள்.

"கொஞ்சம் எந்திரிங்கம்மா. எங்க மாமனாரு ஊர்லேருந்து வந்துட்டாரு. அவருக்கு இந்த நாற்காலி இல்லேன்னா கோவம் வந்துரும்."

"என்ன கூத்து இது? எல்லாம் இரவலா? வேஷமா போடறேள்?"

"புள்ளையப் புடிச்சுட்டுப் போறீங்கன்னு சொன்னாங்க. அதான் ஆளுக்கு ஒண்ணு தூக்கியாந்தோம். இவ வேலைக்குப் போனா கௌரி எங்க வீட்லதான் திங்குது, தூங்குது. உங்க பங்களாவுல அதை யாரு பேர் சொல்லிக் கூப்புடுவா?"

"பாத்தியாடி! ஒண்ணுமே இல்லாத வீடு. நாளைக்கே குழந்தையை இல்லத்துல சேர்த்துடு" என்று மாமி எழுந்தார். கௌரி கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

எனக்குப் பயம் போனது எப்படியென்று தெரியவில்லை. "மாமி, இந்தக் குழந்தைக்காக ஒரு தெருவே கட்டில் தூக்குது. நம்ம இல்லத்துல இருக்கிற குழந்தை எதுக்காவது அப்படி யாராவது வந்திருக்காளா?"

மாமி குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்போ ஹால்?"

"தையல் மெஷின் போடலாம். இந்த அம்மாக்களே வந்து கத்துக்கட்டும். போட்டோவுக்கும் நன்னாயிருக்கும்."

கடைசி வாக்கியம்தான் வேலை செய்தது.

3. திறப்பு விழா

கலெக்டர் வந்தார். தையல் மெஷின்கள் பளபளத்தன. செல்லம்மா ஒன்றில் உட்கார்ந்து பாவாடை தைத்துக்கொண்டிருந்தாள். மாமி மைக்கைப் பிடித்தார்: "குழந்தையைத் தாயாரிடமிருந்து பிரிக்கவே கூடாது. இது அடியேனுடைய நெடுநாளைய கொள்கை. பெருமாள் கிருபையால் இன்றைக்கு நிறைவேறிற்று."

முதலில் கை தட்டியது நான்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கச் செயலாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இந்த வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். போகிற வீட்டில் என்ன இருக்கிறது என்று எண்ணாதீர்கள். அவசரம் என்றால் யார் ஓடி வருவார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் மேலிடத்தில் சொல்லுங்கள். அது அவர்களுக்கே தோன்றிய யோசனை என்று ஆகும்வரை சொல்லிக்கொண்டேயிருங்கள். விழா முடிந்து அன்று சாயங்காலம் கௌரி அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உறையூர் பஸ் ஏறினாள். பெருமையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும்.