லீவு போடாதவனுக்கு அதிக மார்க்

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் எங்கள் பிரிவில் ஒருவரை வேலையைவிட்டு நிறுத்த வேண்டி வந்தது. சூப்பர்வைசர் எங்களிடமே கேட்டார்.

"வேலை, அனுபவம், வருகை மூணுக்கும் மார்க் போட்டு, கடைசியா வர்றவர நிறுத்திடலாம். எதுக்கு அதிக மார்க் வைக்கலாம்?"

நான்தான் முதலில் சொன்னேன். "லீவு போடாதவனுக்கு வைங்க சார். அதான் நியாயம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் கூட்டாளி சேகரும் ஆட்டினான்.

கூட்டிப் பார்த்ததில் சேகர்தான் கடைசி. காய்ச்சிய இரும்பு காலில் பட்டு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே இருந்தவன் அவன். எனக்கு அது விபத்து லீவு என்று மார்க்கைக் குறைக்கவில்லை. அவனுக்கு வெறும் லீவு.

"சார், அவன் எனக்காகத்தான் லீவு போட்டான்."

"அவனுக்கு மாத்துனா எல்லாருக்கும் மாத்தணும். நீ சொன்ன கணக்குதானேப்பா?"

சேகர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டான்.

"இன்னாடா, மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற? இன்னொரு தபா கால சுட்டுக்கினா சொல்லு. லீவு போடாமலே வர்றேன்."

நான் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன். லீவு போடுவதில்லை. யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.