முன்கதவு, பின்கதவு

ஒவ்வொரு பெயரையும் கணினியில் தட்டுவதற்கு முன்னால் ஜெபா வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பாள். நாக்கில் நிற்காத பெயரை விரல் தொடாது.

அம்பத்தூர் எஸ்டேட்டில், தகடு அழுத்தும் மெஷின்களுக்கு கண்ட்ரோல் போர்டு செய்யும் கம்பெனியில் அவளுக்கு வேலை. போர்டின் எந்த முனையில் எது மாட்டியிருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பை அவள்தான் எழுதுகிறாள். மென்பொருளுக்குக் கண் கிடையாது. கோப்பில் இருக்கும் பெயரை நம்பித்தான் அது நடக்கும்.

"பேரைப் படிச்சா அது என்ன வேலை செய்யுதுன்னு தெரியணும். 'புதுசு', 'புதுசு ரெண்டு'... இதெல்லாம் ஒரு பேரா?" என்பாள். அவள் கைபேசியில் பெற்ற தாய்கூட ஊர்ப் பெயரோடு 'அம்மா திசையன்விளை'தான். உடன் வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள்.

போன வருடம் புதிய போர்டு வந்தது. மெஷினின் முன்கதவு திறந்தால் அது மெதுவாக ஓடலாம். பின்கதவு திறந்தால் நின்றாக வேண்டும். பழைய கோப்பில் இரண்டுக்கும் 'கதவு ஒன்று', 'கதவு இரண்டு' என்றே பெயர். புதிய போர்டில் அந்த இரண்டு முனைகளும் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தன. ஜெபா எண்களைத் தூக்கிவிட்டு முன், பின் என்று தெளிவாக எழுதினாள். மேலாளர் ஸ்ரீகாந்த் ஒப்பவில்லை.

"பேரை மாத்தினா சாஃப்ட்வேர் முழுக்க மாத்தணும். பழசே இருக்கட்டும். வயரை மாத்தி மாட்டச் சொல்லிடறேன்."

அவள் ஒரு வாரம் மன்றாடினாள். பிறகு பழைய பெயர்களையே போட்டுக் கொடுத்தாள். வயர் மாட்டுபவர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை.

அந்த போர்டு போன ஒரு தொழிற்சாலையில் வேம்புலி என்ற ஆபரேட்டர், சிக்கிய தகட்டை எடுக்கப் பின்கதவைத் திறந்து கையை விட்டார். திறந்தது முன்கதவு என்று எண்ணி மெஷின் மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள் போயின. விசாரணையில் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடித்தார்கள். கோப்பில் எழுத்துப்பிழைகூட இல்லையாம்.

கோவில்பதாகையில் இருந்த அவர் வீட்டைத் தேடி ஜெபா போனாள்.

"மெல்லமாத்தான் வந்துச்சி மேடம்," என்றார் வேம்புலி. "இதோ நின்னுடும், இதோ நின்னுடும்னு பார்த்துகினே கீறேன். கைய இஸ்க்கலாம்னா தகடு புட்ச்சிகிச்சி."

"அண்ணே, அதுல பேரு தப்பா இருந்துச்சு. நான்தான்..."

"பேரா?" அவர் குழம்பிப்போய், தலைமாட்டில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டை இடது கையால் எடுத்து நீட்டினார். "எம்பேரு கரீட்டாத்தானே போட்டுகீறாங்கோ?"

ஜெபா அதை வாங்கிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் ஸ்ரீகாந்த் அடுத்த போர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இதுக்கும் அதே பேருங்க போதும்."

ஜெபா சரியென்று தலையசைத்தாள். அவர் போனதும் வலது கையின் இரண்டு விரல்களை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, மற்றவற்றால் 'கதவு ஒன்று' என்று தட்டத் தொடங்கினாள்.