நடந்ததை நடந்தபடி நடித்தோம்

ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. அங்கே விசைத்தறி ஓட்டும் ஒருவன் தன் கல்யாண ஊர்வலத்தை மேளத்தோடு ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோனான். காலனிக்காரனுக்கு இந்தத் தெருவில் என்ன மேளம் என்று காரிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். வலது கை முறிந்தது. தெரு முழுக்க ஆள் இருந்தும், பார்த்தேன் என்று போலீஸிடம் சொல்ல ஒருவரும் வரவில்லை.

நான் திருப்பதியில் பள்ளி ஆசிரியை. நாடகமும் போடுவேன். இதை நாடகமாக்குவோம் என்று சபையில் சொன்னபோது பாஸ்டர் ஐயா தயங்கினார். நான் தயங்கவில்லை. ஒரே நிபந்தனை வைத்தேன்: கற்பனை வசனம் கூடாது, ஊர் சொன்னதை அப்படியே பேச வேண்டும்.

போனில் பதிவுசெய்ய வீடுவீடாகப் போனேன். ஊர்த்தெருவில் பல கதவுகள் திறக்கவில்லை. டீக்கடைக்கார அக்கா மட்டும் கிளாஸ் கழுவிக்கொண்டே பேசினாள்.

“சத்தம் கேட்டுச்சி. ஷட்டரை இறக்கிட்டு உள்ள உக்காந்துக்கினு இருந்தேன். யாரு அட்ச்சாங்கன்னு பாக்கல.”

“இத்த மேடையில பேசலாமாக்கா?”

“பேசிக்கோ. பேரு மட்டும் வேணாம்.”

ஒத்திகையில் அக்காவின் பாகத்தைக் கேட்டு வாங்கியவன், அடிபட்ட மாப்பிள்ளையேதான்.

“அட்ச்சவங்களுக்கு என்ன கோவம்னு எனக்குத் தெரியும், டீச்சர். மூடிக்கினு உள்ள இருந்தவங்களுக்கு எப்படி இருந்துச்சின்னுதான் தெரியல. பேசிப் பாக்கறேன்” என்றான்.

ஒரு ஞாயிறு மாலை சர்ச் வாசலில் நடித்தோம். அக்காவும் வந்து பின்னால் நின்றாள். அவன் அவளைப்போல் குரலை மாற்றவில்லை, கேலியும் செய்யவில்லை. அவள் வார்த்தைகளை நிதானமாகச் சொன்னான். “யாரு அட்ச்சாங்கன்னு பாக்கல” என்றதும் அக்காவின் குரல் வந்தது.

“நிறுத்துப்பா. அது பொய்யி. ஷட்டர் சந்து வழியா பாத்துக்கினுதான் இருந்தேன். அட்ச்சவங்க எல்லாரும் எங்கிட்ட தெனம் டீ குடிக்கறவங்க.”

அவன் இறங்கிப் போய் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டான். அவள் உட்கார்ந்து, பார்த்ததை முழுக்கச் சொன்னாள்.

மறுநாள் அவளோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்ஐ கேட்கக் கேட்க, தெலுங்கில் ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். வழக்கு கோர்ட்டில் இருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும், அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று இனி எங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. ஊர்த்தெருவில் பாதிப் பேர் அக்காவின் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். காலனியிலிருந்து இப்போது நாங்கள் போகிறோம். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்துதான் குடிக்கிறோம்.